இலை கரைந்தாலும் கிழங்கு சாகவில்லை

கனடாவின் டொரன்டோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மீன்தொட்டியில் நடுவதற்காக சனவரி மாதம் கிரிப்டோகோரைன் செடிகளைத் தபாலில் வரவழைத்தாராம். பெட்டியைத் திறந்தபோது செடிகள் பச்சைப்பசேலென்று இருந்தன. நட்ட மூன்றாம் நாள் இலைகள் கண்ணாடிபோல் நிறம் வெளுத்து, தொட்டால் கூழாகிவிட்டன. செத்த செடியைத் தலையில் கட்டிவிட்டார்களா என்பது அவருடைய முதல் கேள்வி. பிடுங்கி எறிந்துவிடலாமா என்பது அடுத்தது. முதல் கேள்விக்குக் கொஞ்சம் விளக்கமாகப் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு ஒரே சொல் போதும்: வேண்டாம்.

உறைபனி செடியைக் கொல்லும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெப்பமண்டலச் செடிக்கு அவ்வளவு குளிர் தேவையில்லை. பத்து, பன்னிரண்டு டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் கிடந்தாலே பல இனங்கள் கெட்டுப்போகும். காரணம், ஒவ்வொரு செல்லையும் போர்த்தியிருக்கும் மெல்லிய கொழுப்புச் சவ்வு. மார்கழிக் காலையில் எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்த பிறகுதான் தலைக்குத் தடவ முடியும். அந்தச் சவ்வுக்கும் குளிரில் நேர்வது இதுதான். இளகி இருக்க வேண்டிய கொழுப்பு இறுகுகிறது. இறுகிய இடத்தில் ஒழுகல் ஏற்பட்டு, செல்லுக்குள் இருக்கும் உப்புகள் வெளியே கசிகின்றன. குளிர்நாட்டுச் செடிகளின் சவ்வில் எளிதில் இறுகாத கொழுப்பு கூடுதல். அதனால்தான் கனடாவின் சொந்தச் செடியான எலோடியா, குளம் மேலே உறைந்து கிடக்கும்போதும் அடியில் பச்சையாக இருக்கிறது.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. குளிரில் இருக்கும்வரை காயம் கண்ணுக்குத் தெரியாது. செடி மீண்டும் கதகதப்புக்கு வந்த பிறகுதான் இலை நீர்கோத்ததுபோல் ஆகித் தளரும். பெட்டியைத் திறந்ததும் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு விற்றவரும் வாங்கியவரும் சண்டை போடுவதில் பயனில்லை.

அனுப்பும் முறையிலும் சில நுணுக்கங்கள் இருக்கின்றன. செடியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு அனுப்பக் கூடாது. ஈரச் செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் காற்றோடு கட்டினால் போதும். நீர்ச்செடியின் இலையில் மெழுகுப் பூச்சு மிக மெல்லியது என்பதால் அதற்கு ஈரக்காற்று அவசியம், தண்ணீர் அவசியமில்லை. தெர்மாகோல் பெட்டிக்குள் வைக்கும் வெப்பப் பொட்டலத்தில் இருப்பது இரும்புத்தூள், உப்பு, கரித்தூள், சிறிது ஈரம். இரும்பு துருப்பிடிக்கும்போது வெளிவரும் சூடுதான் செடியைக் காக்கிறது. துருவுக்கு ஆக்சிஜன் வேண்டும். பெட்டியைச் சந்துபொந்தில்லாமல் டேப் போட்டு ஒட்டினால் 72 மணி நேரம் சூடு தர வேண்டிய பொட்டலம் பாதி வழியிலேயே அணைந்துவிடும். அதையே இலைமேல் நேராக வைத்தால் இலை வெந்துவிடும். தாளில் சுற்றி மூடியின் உட்பக்கம் ஒட்டி, காற்றுக்குச் சிறு துளை விடுவதே முறை.

மூடிய பெட்டியில் செடி நெடும்பயணம் தாங்கும் என்பதை உலகுக்குக் காட்டியவர் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட். 1833-ல் அவர் கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளைக் கப்பலேற்றி சிட்னிக்கு அனுப்பினார். திரும்பும் வழியில் அதே பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகள் ஏறின. கேப் ஹார்னைச் சுற்றும்போது கப்பல் தளத்தில் பனி கொட்டியது. ஆனாலும் செடிகள் உயிரோடு லண்டன் வந்து சேர்ந்தன.

இனி எனக்கு மிகவும் பிடித்த கிரிப்டோகோரைனுக்கு வருகிறேன். சேம்பு, கருணைக்கிழங்கின் குடும்பம் இது. மீன்தொட்டிக்காரர்கள் அதிகம் நடும் வென்ட்டி, பெக்கெட்டி, பார்வா எல்லாமே இலங்கையின் ஓடைகளைத் தவிர வேறெங்கும் இயற்கையில் பிறக்காத இனங்கள். டொரன்டோத் தொட்டியில் கூழானது இலங்கை ஈரமண்ணின் வாரிசு. தென்னிந்திய ஓடைகளிலும் இதன் உறவு உண்டு. ஸ்பைராலிஸ் என்ற இனத்தின் கிழங்கு நாட்டு மருந்துக் கடையில் நாட்டு அதிவிடயம் என்ற பெயரில் கிடைக்கும்.

இந்தச் செடிக்கு வினோதமான குணம் ஒன்று இருக்கிறது. வெப்பம், வெளிச்சம், நீரின் தன்மை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சட்டென்று மாறினால் உள்ள இலைகளையெல்லாம் ஒரு வாரத்துக்குள் கரைத்துக் கைவிட்டுவிடும். குளிரே படாத செடிக்கும் தொட்டி மாறினாலே இது நேரலாம். முதலில் இலையில் சின்னச் சின்ன ஓட்டைகள் விழும். பிறகு ஓரங்கள் கண்ணாடியாகும். காம்பு தொய்ந்து மணலில் சாயும். பண்ணையில் தண்ணீருக்கு மேல் வளர்க்கப்பட்ட செடியானால் இது இன்னும் நிச்சயம். காற்றில் வளர்ந்த இலை நீருக்கடியில் நிலைக்காது. நீருக்கேற்ற மெல்லிய இலையைச் செடி புதிதாக விட்டாக வேண்டும். மழையில் மூழ்கி, கோடையில் கரையில் நிற்கும் ஓடைச்செடிக்கு அப்படி உடை மாற்றுவது பிறவிப் பழக்கம்.

செடி பிழைத்திருக்கிறதா என்பதைக் கிழங்கு சொல்லும். மணலை விலக்கி, வேருக்கு மேலே உள்ள தடித்த தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழத்து நாறினால் மட்டுமே குளிர் அதன் உயிர்வரை போயிருக்கிறது. கெட்டியான கிழங்கை இடம் மாற்றாதீர்கள். கரைந்த இலைகளை நறுக்கி எடுத்துவிட்டுத் தண்ணீரில் கொஞ்சம் மாற்றுங்கள். அழுகும் இலையிலிருந்து வரும் அம்மோனியா மீன்களுக்கு ஆகாது. சில வாரங்களில் கிழங்கின் நடுவிலிருந்து ஊசிபோல் சுருண்ட ஓர் இலை எழும்பும். தொட்டியில் நான் மீன்களைவிட ஆவலோடு எதிர்பார்ப்பது அந்த இலையைத்தான்.

பொறுமையில்லாமல் பிடுங்கி எறியப்படும் கிழங்குகளில் பெரும்பாலானவை உயிருள்ளவை என்றே நினைக்கிறேன். எறிவது வீண் செலவு மட்டுமல்ல, எங்கே எறிகிறோம் என்பதும் முக்கியம். டெக்சஸின் சான் மார்கோஸ் ஆற்றில் 1990களில் பெக்கெட்டி காலூன்றிப் பரவியது. உலகில் அந்த ஆற்றில் மட்டுமே வளரும் டெக்சஸ் காட்டரிசியின் இடத்தை அது பிடித்துக்கொள்ளுமோ என்று அஞ்சி, அதை அகற்றும் வேலையில் இறங்க வேண்டியதாயிற்று. பிறந்த ஓடைகளில் இடம் சுருங்கும் ஓர் இனம், பிறத்தியார் ஆற்றில் களையாகிறது. இரண்டுமே மனிதர்களின் கவனக்குறைவால் வந்தவை.

உயிருள்ள பொருளைப் புத்தகப் பார்சல்போல் நடத்தக் கூடாது. கடுங்குளிர் வாரங்களில் வாங்காமல் இருப்பதே முதல் மரியாதை. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், வார இறுதியில் கிடங்கில் தேங்காதபடி திங்கட்கிழமை அனுப்பச் சொல்லுங்கள். வாசலில் வைத்துவிட்டுப் போகாமல் தபால் நிலையத்தில் நிறுத்திவைக்கச் சொல்லி நேரில் வாங்கிக்கொள்ளுங்கள். வந்த பெட்டியை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காமல் அறையின் வெப்பத்துக்கு மெல்ல வரவிடுங்கள். விற்பவர்களும், வெளியே உறைபனி இருக்கும் நாட்களில் ஆர்டரைத் தள்ளிவைக்கும் துணிச்சல் கொள்ள வேண்டும். காத்திருக்கத் தெரியாதவர்களுக்கு பிளாஸ்டிக் செடி தாராளமாகக் கிடைக்கிறது. உயிருள்ளதை விரும்புகிறவர்கள் அதன் வேகத்துக்கு இணங்கித்தான் ஆக வேண்டும்.