தகவல் துளி: பணம் போடாமல் பங்குப் பயிற்சி

பைராம் தோட்டத்தில் இருந்தாலும் சரி, ஜார்ஜ் டவுனில் இருந்தாலும் சரி, பங்கு வாங்கிப் பழக முதலில் வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம்தான்.

புர்சா மலேசியா இணையத்தளத்தில் பங்கு விலைகளை இலவசமாகவே பார்க்கலாம். கையில் 10,000 ரிங்கிட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்த நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் பங்கை வாங்கியதாக நினைத்து, தேதி, விலை, காரணம் மூன்றையும் நோட்டில் குறித்து வையுங்கள்.

நம் சந்தையில் பொதுவாக ஒரு லாட் என்பது 100 பங்குகள். விலை 1 ரிங்கிட் 50 சென் என்றால், ஒரு லாட்டுக்கு 150 ரிங்கிட். தரகுக் கட்டணம் ஒரு முறைக்கு 8 ரிங்கிட் என்று வைத்தால், வாங்கி விற்க 16 ரிங்கிட். அதாவது, விலை 16 சென் ஏறினால்தான் அந்தச் செலவே ஈடாகும்! முத்திரை வரி தனி. இந்தச் செலவுகளைக் கழிக்காமல் போடும் கணக்கு வெறும் ஏட்டுச் சுரைக்காய்.

ஒன்று மட்டும் ஏட்டில் வராது: சொந்தக் காசு குறையும்போது வரும் பதற்றம். அதனால், பழகிய பிறகும் சிறு தொகையில் தொடங்குங்கள். “பயிற்சி தருகிறோம், பணம் கட்டுங்கள்” என்று யாராவது அழைத்தால், பங்குப் பத்திர ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலை முதலில் பாருங்கள்.