சூரியன் காத்திருக்குமா?

"ஒரே நாளில் ஐந்து கோயில்கள்!" சுற்றுலா பஸ் நோட்டீசில் இப்படிப் போட்டிருப்பார்கள். படித்ததும் ஆசை வரும். உடனே பணம் கட்டலாமா? கொஞ்சம் பொறுங்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகப் போனால் சுருட்டப்பள்ளி வரும். அங்கே சிவன் படுத்த கோலத்தில் இருக்கிறார். அடுத்தது நாகலாபுரம். அப்புறம் நாராயணவனம், திருச்சானூர், திருப்பதி. நாகலாபுரத்திலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். "பக்கம்தானே" என்று தோன்றும்.

அந்தக் காலத்தில் தூரத்தை "ஒரு நாழிகை வழி" என்பார்கள். நாழிகை என்பது 24 நிமிடம். அவர்கள் தூரத்தை நேரத்தால் அளந்தார்கள். நாமும் அப்படியே அளப்போம்.

பஸ்ஸில் 40 பேர். இறங்கி ஏற ஒவ்வோர் ஊரிலும் கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஊருக்கு ஒன்றேகால் மணி நேரம்! சாமி கும்பிட, சாப்பிட நேரம் தனி. பல கோயில்களில் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள்.

நாகலாபுரம் வேதநாராயண சுவாமி கோயிலில் மார்ச் மாதம் மூன்று நாள் சூரிய பூஜை நடக்கும். மாலை வெயில் கருவறைக்குள் வரும். முதல் நாள் சுவாமியின் பாதத்தில் விழும். அடுத்த நாள் நாபியில். மூன்றாம் நாள் நெற்றியில். கொஞ்ச நேரம்தான். பஸ்ஸுக்காகச் சூரியன் காத்திருக்குமா?

ஆகவே, பணம் கட்டும் முன் கேளுங்கள்.

எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் போவோம்?
அங்கே எவ்வளவு நேரம் இருப்போம்?
வீடு திரும்ப எத்தனை மணி ஆகும்?

பதிலை எழுதி வாங்குங்கள். நீங்களே படித்துப் பாருங்கள்.