சருமத்தின் வழியே மருந்தும் விஷமும்

சருமத்தின் மேற்புறம் உயிரற்ற அணுக்களாலான மெல்லிய படலம் ஒன்றுண்டு. அது தலைமயிரினும் மெல்லியது. எனினும் அணுக்களின் இடையே கொழுப்பு நிறைந்திருத்தலால், நீர் எளிதில் உட்புகாது. கொழுப்பில் கரையத்தக்க சிறிய மூலக்கூறுகளே அதனூடே மெல்லச் சென்று, கீழுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைந்து, தேகமெங்கும் பரவும். பிரயாணத்தில் உண்டாகும் வாந்தியைத் தடுக்கக் காதின் பின்புறம் ஒட்டப்படும் மருந்துப் பட்டை இம்முறையில் அமைந்ததே. 1979-ஆம் வருஷத்தில் அமெரிக்கா அதனை அங்கீகரித்தது.

மருந்து புகும் வழியே விஷமும் புகும். ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லிகள் வாயில் படாமலே, சருமத்தின் வழியாகத் தேகத்திற் சேர்ந்து நரம்புகளைத் தாக்கவல்லவை. புண்பட்ட இடத்திலும், நனைந்த துணி ஒட்டிய இடத்திலும் அவை விரைவாகப் புகும். ஆதலால், பயிருக்கு மருந்து தெளிப்போர் தேகத்தை நன்கு மூடிக்கொள்ளுதல் அவசியம். மருந்து பட்ட ஆடையை உடனே களைந்து, சருமத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவவேண்டும்.