கடற்கரைப் படிவுகளில் பண்டைய கடல்மட்டம்: நெதர்லாந்தின் அடித்தள முற்றா நிலக்கரி தரும் சான்று

இறுதிப் பனியூழியின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகக் கடல்மட்டம் இன்றுள்ளதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனித்தகடுகள் உருகியதால் கடல் உயர்ந்த வரலாறு கடற்கரைப் படிவுகளில் அடுக்கடுக்காகப் பதிந்துள்ளது. நெதர்லாந்தின் கடலோரத் தாழ்நிலம் இதற்குத் தக்க சான்றாகும்.

கடல் உயர்ந்தபோது அங்கு நிலத்தடி நீர்மட்டமும் உயர்ந்தது. பிளைஸ்டோசீன் கால மணற்பரப்பு சதுப்பாயிற்று. அச்சதுப்பில் முழுதும் மட்காமல் தேங்கிய தாவர எச்சங்களே முற்றா நிலக்கரி அடுக்காயின. பின்னர்க் கடல்நீர் புகுந்து அதன்மேல் களிமண்ணைப் படிய வைத்தது. களிமண்ணிலுள்ள உவர்நீர் டையட்டம்களும் ஃபொரமினிஃபெராக்களும் கடலின் வருகையை உறுதிசெய்கின்றன. தாவர எச்சங்களின் வயது கரிமம்-14 முறையால் கணிக்கப்படுகிறது.

எனினும், வயதும் ஆழமும் அறியப்பட்டதனாலேயே கடல்மட்டம் அறியப்பட்டதாகாது. களிமண் அடுக்குகளுக்கிடையே அமைந்த முற்றா நிலக்கரி, மேற்சுமையால் அமுங்கித் தான் உருவான உயரத்திலிருந்து கீழிறங்கிவிடுகிறது. அவ்வாழத்தை அப்படியே கொண்டால், பண்டைய கடல்மட்டம் உண்மையைவிடத் தாழ்ந்ததாகத் தோன்றும். இறுகிய மணல்மீது நேரடியாக அமைந்த அடுக்கின் அடிப்பகுதியோ பெரும்பாலும் தன் உயரத்திலேயே நிலைத்திருக்கும். சாஸ்கியா யெல்கர்ஸ்மா 1961இல் வெளியிட்ட ஹோலோசீன் கடல்மட்ட ஆய்வு இவ்வடித்தள அடுக்கைப் பயன்படுத்தியது இதனாலேயே.

அவ்வடுக்கு காட்டுவதும் சார்புக் கடல்மட்டமே. ஸ்காண்டிநேவியப் பனித்தகட்டின் சுமையால் அதன் விளிம்புக்கு அப்பால் புடைத்தெழுந்த நிலம், பனி உருகியபின் தாழ்ந்துவந்தது. கடலின் உயர்வும் நிலத்தின் தாழ்வும் ஒரே அடுக்கில் கலந்துள்ளன. ஆகவே, அமுக்கமும் நில அசைவும் பிரித்தறியப்பட்ட பின்னரே படிவின் ஆழம் கடல்மட்டச் சான்றாகக் கொள்ளத்தக்கது.