குகையின் மேல் ஒரு குடாநாடு

மலை என்று சொல்லத்தக்க மேடு ஒன்றும் இல்லாமல், மாரி கழிந்தால் வற்றிப்போகிற வழுக்கையாற்றைத் தவிர ஆறென்று பெயர்பெற்ற நீரோட்டமும் இல்லாமல், தட்டையாகக் கிடக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் குகைக்கு இடமேது என்று கேட்பவரைக் குறைகூற முடியாது. ஆயினும், கோப்பாயில் ஒரு தோட்டக் கிணற்றின் கட்டைப் பிடித்துக்கொண்டு அதன் உட்புறத்தைச் சற்று நிதானமாக நோக்குபவருக்கு இந்தச் சந்தேகம் நெடுநேரம் நிலைப்பதில்லை. மேலே ஓரிரு முழச் செம்மண். அதன் கீழே அலவாங்கும் உளியும் பட்ட தழும்பு இன்னும் மாறாத வெண்பாறை. பாறையிலே கைமுட்டி நுழையத்தக்க துளைகள். சிப்பி கரைந்து மறைந்த பின்னும் அதன் வரிகளை அப்படியே காட்டுகிற அச்சுக்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, இருள் அடைந்த ஒரு பிளவு. இந்தப் பிளவுதான் குகையின் ஆரம்பம். நம்முடைய குகையில் நடந்து திரிய முடியாததற்குக் காரணம் அது இல்லாமையன்று, அது நீரால் நிறைந்திருப்பதே.

இலங்கைத் தீவின் பத்தில் ஒன்பது பங்கு, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய அதிபுராதனமான பாறையாகும். குடாநாட்டின் கல்லோ அதனோடு ஒப்பிடுகையில் நேற்றுப் பிறந்த குழந்தை. மயோசீன் யுகத்தில், இன்றைக்கு ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளை ஒட்டிய காலத்தில், இப்பிரதேசத்தை மூடியிருந்த ஆழமற்ற சமுத்திரத்தின் அடியிலே, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் ஓடுகளும் சிப்பிகளும் முருகைகளும் படிந்து இறுகியதால் உண்டானது அது. வேலண்ட், மோர்லி டேவிஸ் என்னும் இரு விஞ்ஞானிகள் இலங்கையின் மயோசீன் பாறைகளைப் பற்றி 1923இல் எழுதிய ஆய்வு இத்துறையில் இன்றும் மதிக்கப்படுவது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இக்கல்லையே வெட்டி, முருங்கன் களிமண்ணோடு சேர்த்துச் சுட்டது.

இவ்வளவு உறுதியான கல்லில் குகையைக் குடைந்தது எது? மழை. ஐப்பசி கார்த்திகை மாரியில் ஆகாயத்திலிருந்து இறங்கும் நீர், வழியிலே சிறிது கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு, பின்னர் வேர்களும் புழுபூச்சிகளும் சுவாசிக்கும் செம்மண்ணினூடே கசியும்போது அதே வாயுவைப் பன்மடங்காகப் பெற்று, மெல்லிய அமிலமாகிப் பாறையின் வெடிப்புகளை அடைகிறது. அங்கே தான் கரைத்த சுண்ணத்தைத் தன்னோடு ஏந்திச் செல்வதால், மயிர் நுழையாத வெடிப்பு விரலளவாகவும், விரலளவு வாசலளவாகவும் காலகதியில் அகன்றுவிடுகிறது. இந்த இரசாயனத்தின் மறுபாதியைக் காண எங்கும் போக வேண்டியதில்லை. கிணற்று நீரை நாள்தோறும் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியிலே ஓடாகப் பிடிக்கிற வெண்படலம், கரியமிலவாயு வெளியேறியதும் நீர் கைவிட்ட சுண்ணமே. அதன்மேல் எலுமிச்சஞ் சாற்றைப் பிழிந்தால் நுரைத்துப் பொங்கும். அவ்வாறு வெளிவருவது அந்த வாயுதான்.

கேத்திலில் நெருப்பு விரைவாகச் செய்கிற வேலையை, காற்று நிறைந்த குகையில் ஒவ்வொரு துளியும் ஆறுதலாகச் செய்கிறது. கூரையில் தொங்கி நிற்கும் துளி, விழுவதற்கு முன் விளிம்பில் ஒரு மெல்லிய சுண்ண வளையத்தை விட்டுப் போக, வளையத்தின் மேல் வளையமாகச் சேர்ந்து நடுவே துளையுடைய கல்விழுது கீழ்நோக்கி வளர்கிறது. விழுந்த துளி தெறிக்கும் இடத்தில், துளையற்ற கல்முளை மேல்நோக்கி எழுகிறது. வருடமொன்றுக்கு ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு வளர்ந்தாலே பெரிது. ஆந்திர தேசத்துப் பேலம் குகையில் இக்காட்சியை மின்விளக்கொளியிற் காணலாம். பல்லாவரத்திலே கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1884இல் குறித்துவைத்த அக்குகை, 3,229 மீற்றர் நீளம் அளக்கப்பட்டு, 2002இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கோடிலிங்கம் என்று பெயரிடப்பட்ட அதன் அறையிலே திரளாக நிற்கும் கல்விழுதுகளைக் கண்டு கைகூப்புகிறவர்களும் உண்டு. கூப்பட்டுமே, அத்தனை காலத்தின் முன் வேறென்ன செய்வது!

நமது குகைக்கு வருவோம். கோப்பாயிலிருந்து வடக்கே, நீர்வேலியையும், ஏட்டுச்சுவடிகளைத் தேடி அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த சிறுப்பிட்டியையும் அடுத்து, புத்தூர்ப் பகுதியின் நவக்கிரியில் இருக்கிறது நிலாவரை. அதைக் கிணறு என்கிறோம், யாரும் வெட்டியதன்று. நிலத்தடியில் அகன்ற ஒரு குழிவின் கூரை, தன் பாரத்தைத் தாங்கமாட்டாமல் இடிந்து விழுந்ததால் ஆகாயத்துக்குத் திறந்த வாசல் அது. இராமபிரான் வானர சேனையின் தாகந் தீர்க்க அம்பெய்து உண்டாக்கினார் என்பது ஊர் வழக்கு. அதன் ஆழம் நூறடிக்கும் மேற்பட்டது. எமர்சன் டெனென்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை வரலாற்று நூலிலேயே இது இடம்பெற்றுவிட்டது: மேலே நன்னீர், இறங்க இறங்க உவர்ப்பு, அடியிலே கடல்நீர்.

இவ்விதமான குழிவு, நீர் நிறைந்த நிலையிலேயே முழுவதும் உருவாகியிருக்க வேண்டுமென்பதில்லை. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், பூமியின் நீரில் பெரும்பங்கு பனியாக உறைந்து கிடந்தபோது, கடல்மட்டம் இன்றையதைவிட ஏறக்குறைய 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை அப்போது வெறுந்தரை. குடாநாடு குடாநாடாகவே இருக்கவில்லை. கடலோடு நிலத்தடி நீரும் இறங்கிப்போகவே, இன்று மூழ்கியிருக்கும் ஆழங்களிற் காற்று நிலவியது. மெக்சிக்கோவின் யுக்காத்தான், நம்முடையதைப்போலவே ஆறற்ற சுண்ணாம்புக்கற் குடாநாடு. அங்கே நீருக்கடியிலுள்ள குகைகளில் நீந்திச் சென்றவர்கள் கல்விழுதுகளைக் கண்டார்கள். நீருக்குள்ளே கல்விழுது வளராது. ஆகவே அவை வறண்ட காலத்தின் சாட்சிகள். 2018இல் அங்கு ஒன்றோடொன்று இணைந்தவையெனத் தெளிந்த நீர்க்குகைகளின் நீளம் 347 கிலோமீற்றர்.

நிலாவரையில் எலுமிச்சம்பழத்தைப் போட்டால் கீரிமலைக் கேணியிலே மிதக்கும் என்று முதியோர் சொல்வதை மூடநம்பிக்கையென ஒதுக்குகிறவர்கள், 1901இல் பிரான்சு தேசத்தில் நடந்ததை அறிவது நன்று. பொந்தார்லியே நகரத்துப் பெர்னோ மதுச்சாலை இடிவிழுந்து தீப்பற்றியபோது, அப்சிந்த் என்னும் மதுவைப் பெருவாரியாக டூ நதியில் திறந்துவிட்டார்கள். இரண்டு நாளில், மலைக்கு அப்பாலுள்ள லூ நதியின் ஊற்று மதுவாசனையோடு புறப்பட்டது. குகையியலின் தந்தையெனப்படும் மார்த்தெல் 1910இல் சாயத்தைக் கரைத்துவிட்டு அத்தொடர்பை நிரூபித்தார். எலுமிச்சம்பழமும் அதே சோதனைதான். ஆனால், மிதக்கும் பழத்தைவிடக் கரையும் சாயமே ஒடுங்கிய பிளவுகளில் தப்பிச் செல்லக்கூடியது.

நம் குடாநாட்டுக் குகைகளில் தங்கும் மழைநீர், கடல்நீரைவிட இலேசானதாகையால் அதன் மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. நெதர்லாந்தின் பாடன் கைபனும் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் வகுத்த கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே நாற்பதடி நன்னீர் இருக்கும். கோப்பாயின் மேற்கே செம்மண் தோட்டங்களில் இனிக்கும் நீர், கிழக்கே கைதடிப் பக்கத்து உப்பாறு ஏரியை நெருங்க நெருங்க உவர்ப்பதன் இரகசியம், வில்லையின் ஓரம் மெலிவதே. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே நீருக்குக் காவலாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. மேல்மட்டம் ஓரடி இறங்க, காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு நாற்பதடி ஏறும் என்பதை வெங்காயத் தோட்டத்தில் யார் நினைக்கிறார்கள்?

மணற்பூமியில் நீர் வடிபட்டுச் செல்லும்; பிளவுகளில் அது வடிபடாமல் ஓடும். பசளையின் நைத்திரேற்று இங்குள்ள கிணறுகளிற் பலவற்றை எட்டியிருக்கிறது. 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில், சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் தென்பட்டபோது ஊரே கலங்கிற்று. அடியில் சீமெந்திடாத மலசலகூடக் குழியும் இந்தக் குகைக்கு ஒரு வாசல்தான். அது எந்தப் பிளவின்மேல் அமைந்திருக்கிறதென்பதைச் செம்மண் மறைத்துவிடுகிறபடியால், அயல் வளவுக் கிணற்றுக்கும் அதற்கும் இடையிலுள்ள தூரத்தை மட்டும் முழக்கோலால் அளந்துவிட்டு ஆறுதலடைவதற்கில்லை.