மூன்றாவது கறுப்புச் சட்டை

கறுப்புச் சட்டைக் கூட்டம் என்றால் தமிழ்நாட்டில் இரண்டு கூட்டங்கள்தான் நினைவுக்கு வரும்: ஒன்று திராவிடர் கழகத்தார், இன்னொன்று கார்த்திகை மாதத்து ஐயப்பமார். பெங்களூருவில் மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் கோரமங்களா, இந்திராநகர் பக்கம் ஏதாவது ஒரு பப் வாசலில் இவர்களைப் பார்க்கலாம். சட்டையின் நெஞ்சில் மண்டை ஓடு இருக்கும். அல்லது முள்வேலியைப் பின்னி வைத்ததுபோல, எந்த மொழி என்றே பிடிபடாத எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். முடி தோளைத் தொடும். ஆளைப் பார்த்து ஒதுங்கிப் போகிறவர்களும் உண்டு. திங்கட்கிழமை காலை இதே ஆட்கள்தான் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஐடி நிறுவன வாசலில் நுழைவார்கள்.

இவர்கள் ஹெவி மெட்டல் ரசிகர்கள். இந்தியாவில் இந்த இசைக்கு ஒரு தலைநகரம் சொல்லச் சொன்னால் பெரும்பாலோர் பெங்களூருவைத்தான் சொல்வார்கள். அதற்கு அவர்கள் காட்டும் முதல் சாட்சி ஒரு தேதி: 2007 மார்ச் 17. அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் இங்கிலாந்தின் அயர்ன் மெய்டன் வாசித்தது. அந்த அளவுக்குப் பெரிய மெட்டல் குழு இந்தியா வந்தது அதுவே முதல் தடவை என்பார்கள். பல்லாயிரம் பேர் திரண்டார்கள். நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள் அவர்கள். மெய்டனுக்கு முன்னால் மேடையேறிய டெல்லி ராக் குழு பரிக்ரமா, அதே ஆண்டு இங்கிலாந்தின் டவுன்லோட் இசை விழாவிலும் வாசித்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 1 அன்று மெய்டன் தன் உலகச் சுற்றுப்பயணத்தையே மும்பையில் தொடங்கியது. குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் உரிமம் பெற்ற விமானி. குழுவையும் கருவிகளையும் சுமந்த போயிங் 757 விமானத்தை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பயணத்தைப் படம் பிடித்த ‘ஃபிளைட் 666’ என்ற ஆவணப்படத்தில் மும்பைக் கூட்டத்தை இன்றும் பார்க்கலாம்.

மைதானக் கச்சேரிகளைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். ஆனால் ஒரு ஊரில் இந்த இசை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மைதானம் சரியான இடம் இல்லை. நூறு, நூற்றைம்பது பேர் நிற்கும் அறைக்குப் போக வேண்டும். பெரிய குழுவைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் செல்பேசியில் படம் பிடித்துவிட்டுப் போய்விடுவார்கள். சின்ன அறைக்கு வருகிறவர் அடுத்த மாதமும் வருவார்.

பெங்களூருவுக்கு இது எப்படி ஒட்டிக்கொண்டது? பிரிட்டிஷ் ராணுவம் கன்டோன்மென்ட் போட்டு உட்கார்ந்த ஊர் அது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் தேவாலய இசையும் ஆங்கிலப் பாட்டு வாசிக்கும் குழுக்களும் அங்கே நெடுநாளாக உண்டு. எண்பதுகளின் கடைசியில் பப் கலாச்சாரம் வந்தது. ரெஸ்ட் ஹவுஸ் சாலையில் 1989-இல் திறந்த பெக்கோஸ் போன்ற இடங்களில் பீரோடு ராக் இசையும் சேர்ந்தே கிடைத்தது. 1996 முதல் சுதந்திர தினத்தையொட்டி ‘ஃபிரீடம் ஜாம்’ என்ற இலவச இசை நிகழ்ச்சி நடந்து, பேர் தெரியாத குழுக்களுக்கெல்லாம் மேடை கொடுத்தது. கல்லூரிக் கலை விழாக்களில் இசைக்குழுப் போட்டி இல்லாமல் இருக்காது. கேசட்டை நண்பனிடம் வாங்கிப் பதிவு செய்து கேட்ட தலைமுறை, இந்த மேடைகளில் கிடாரைத் தூக்கிக்கொண்டு ஏறியது. டையிங் எம்ப்ரேஸ் என்ற பெங்களூருக் குழு தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே டெத் மெட்டல் என்ற கடுமையான மெட்டல் வகையை வாசித்தது. அன்றைக்கு அதைக் கேட்க ஆள் சேர்ப்பதே பெரும்பாடு.

பெங்களூருவுக்கு வந்து ஒட்டிக்கொண்ட இந்த இசை முதலில் பிறந்தது ஒரு தொழிற்சாலை நகரத்தில். இங்கிலாந்தின் பர்மிங்காமில் டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன் தகரம் வெட்டும் வேலையில் இருந்தான். வேலையை விட்டு நிற்க வேண்டிய கடைசி நாளில் இயந்திரத்தில் சிக்கி, வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. இடக்கைக் கிடார்க்காரனான அவனுக்குத் தந்தியை அழுத்துவதே அந்த விரல்கள்தான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டு மறுபடி வாசித்தான். மெல்லிய தந்திகளைப் போட்டான். பின்னால் தந்தியைத் தளர்த்தி, சுருதியையும் இறக்கினான். விரல் வலிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு, இருண்ட, கனத்த ஓர் ஒலியைக் கொண்டுவந்தது. அவன் கிடார் வாசித்த பிளாக் சப்பாத் குழு 1970 பிப்ரவரி 13 அன்று வெளியிட்ட முதல் ஆல்பத்திலிருந்துதான் ஹெவி மெட்டலின் கணக்கைத் தொடங்குவது வழக்கம்.

பெங்களூருவின் சின்ன அறையில் நடப்பதை ‘கிக்’ என்பார்கள். ஏழு மணிக்கு என்று சுவரொட்டி சொன்னால் ஏழரைக்கு சவுண்ட் செக் நடந்துகொண்டிருக்கும். டிரம் வாசிப்பவர் இரண்டு காலாலும் மாறி மாறி பேஸ் டிரம்மை மிதிக்க, ஒலிப் பலகையில் இருப்பவர் “இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்” என்று கை காட்டுவார். ஒரு சாயங்காலத்தில் மூன்று, நான்கு குழுக்கள் வாசிக்கும். முதல் குழுவின் கதி எங்கும் ஒன்றுதான்: காலி அறை, பின்சுவரில் சாய்ந்து நிற்கும் இருபது பேர், அதில் பாதி அடுத்த குழுவின் ஆட்கள். அந்த இருபது பேருக்காக மேடையில் ஒருவர் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருப்பார். அது உண்மையில் தொண்டையைக் கிழிப்பதும் இல்லை. குரல் நாண்களுக்கு மேலே இருக்கும் மடிப்புகளை அதிரவைத்து எழுப்பும் உறுமல் அது. பழகாதவர் முயன்றால் இரண்டு நாள் பேச முடியாது.

மூன்றாவது குழு ஏறும்போது அறை நிறைந்திருக்கும். சபாவில் தொடையில் தாளம் போடுவதை இங்கே தலை செய்கிறது. கழுத்தை முன்னும் பின்னும் வீசித் தாளத்தைப் பிடிப்பதற்கு ஹெட்பேங்கிங் என்று பெயர். மறுநாள் கழுத்து வலி நிச்சயம். ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் கொம்புபோல நீட்டிக் காட்டும் முத்திரையைச் சாத்தான் வழிபாடு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பரப்பியவர் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ. தன் இத்தாலியப் பாட்டி கண் திருஷ்டி கழிக்கக் காட்டிய சைகை அது என்று அவர் சொல்லியிருக்கிறார்.

பிறகு பிட் திறக்கும்.

யாரும் அறிவிப்பதில்லை. பாட்டில் வேகம் மாறப்போகிற இடம் வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். நடுவில் நிற்பவர்கள் பின்வாங்கி ஒரு வட்டம் விடுவார்கள். அதற்குள் பத்து, இருபது பேர் பாய்ந்து தோளோடு தோள் மோதிக்கொள்வார்கள். இதுதான் மாஷ் பிட். வட்டமாக ஓடினால் சர்க்கிள் பிட். கூட்டத்தை இரண்டாகப் பிளந்து நிறுத்தி, பாடகர் கை காட்டியதும் இரு பக்கமும் ஓடிவந்து மோதிக்கொள்வது ‘வால் ஆஃப் டெத்’. முதன்முறை பார்க்கிறவருக்கு அடிதடி என்றே தோன்றும். ஆனால் அதற்குள் ஒழுங்கு இருக்கிறது. முஷ்டியை மடக்கக் கூடாது. முழங்கையைத் தூக்கக் கூடாது. விருப்பமில்லாதவரை உள்ளே இழுக்கக் கூடாது. ஒருவர் விழுந்தால் சுற்றி இருப்பவர்கள் அரண் கட்டி நின்று அவரைத் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் மறுபடி மோதுவார்கள். மூக்குக்கண்ணாடியோ ஒற்றைச் செருப்போ கிடைத்தால் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார்கள். உரியவர் வந்து வாங்கிக்கொள்வார். இதெல்லாம் எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டப்பட்டதில்லை. விதி மீறுகிறவனைக் காவலர் வருவதற்குள் கூட்டமே வெளியே தள்ளிவிடும். எல்லா இடத்திலும் எல்லா நாளும் இப்படித்தான் என்று சொன்னால் அது பொய். குடித்துவிட்டு வம்புக்கு நிற்பவர்கள் உண்டு. பெண்கள் இன்றும் குறைவு. வருகிறவர்கள் பிட்டுக்குள் இறங்கத் தயங்குவதற்குக் காரணமும் உண்டு. ஆனாலும் முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் கவுன்டரில் நடக்கும் நெரிசலைவிட இது நாகரிகமானது.

இந்த ஆட்டத்தை இயற்பியல் ஆய்விதழ் ஒன்றும் கவனித்திருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஜெஸ்ஸி சில்வர்பெர்க் ஒரு மெட்டல் கச்சேரியில் பிட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தபோது, இந்த ஆட்கள் வாயுத் துகள்களைப்போல மோதுகிறார்களே என்று யோசித்தார். யூடியூபில் கிடைத்த காணொளிகளை எடுத்துக்கொண்டு, அவரும் உடன் ஆய்வாளர்களும் ஆட்களின் வேகத்தை அளந்தார்கள். மாஷ் பிட்டில் இருப்பவர்களின் வேகப் பரவல், வாயு மூலக்கூறுகளுக்கு இயற்பியல் சொல்லும் விதியோடு ஒத்துப்போனது. சர்க்கிள் பிட்டோ ஒரு சுழல்போல நடந்துகொண்டது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றின. 2013-இல் இந்த ஆய்வு ‘ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் வெளியானது. கூட்ட நெரிசலில் மக்கள் எப்படி நகர்வார்கள் என்பதைப் புரிந்துகொள்ள இது உதவும் என்பது அவர்கள் வாதம்.

இவ்வளவு ஆங்காரமான இசை ஆளையும் ஆங்காரமாக்காதா என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பதில் வந்தது. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த இசையை வழக்கமாகக் கேட்கும் 39 பேரை வேண்டுமென்றே கோபப்படுத்திவிட்டு, அவர்களில் ஒரு பகுதியினரைத் தாங்கள் விரும்பும் பாட்டைக் கேட்கவிட்டார்கள். கோபம் ஏறவில்லை, தணிந்தது. சின்ன ஆய்வுதான். ஏற்கெனவே பிடித்தவர்களிடம் மட்டுமே நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உண்மையான ஆபத்து காதுக்கு. 100 டெசிபல் ஒலியில் பாதுகாப்பாக இருக்கக்கூடிய நேரம் சுமார் 15 நிமிடம்தான் என்கிறது அமெரிக்கத் தொழில்நல நிறுவனத்தின் கணக்கு. தாழ்ந்த கூரையுள்ள அறையில் மெட்டல் குழு அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். கிக் நடப்பதோ மூன்று மணி நேரம். இசை நடக்கும் இடங்களில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறை தந்தது. அனுபவசாலிகள் சட்டைப்பையில் காது அடைப்பான் வைத்திருப்பார்கள். அது வீரத்துக்கு இழுக்கு என்று நினைக்கும் பையன்கள் வீட்டுக்குப் போன பிறகும் காதில் ‘ங்’ என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

பெரிய மேடைக்குத் திரும்பினால், 2008-இல் மெகாடெத் அதே அரண்மனை மைதானத்துக்கு வந்தது. 2011 அக்டோபரில் மெட்டாலிகா. அந்த மாதம் 28-ஆம் தேதி டெல்லியை ஒட்டிய குர்கானில் நடக்க வேண்டிய கச்சேரி பாதுகாப்புக் காரணத்தால் ரத்தாக, ஆத்திரமடைந்தவர்கள் மேடையேறிப் பொருள்களை உடைத்தார்கள். இரண்டு நாள் கழித்து, 30-ஆம் தேதி, பெங்களூருவில் அதைவிடப் பெரிய கூட்டம் அசம்பாவிதம் இல்லாமல் கேட்டுவிட்டுக் கலைந்தது. அன்று மெட்டாலிகாவுக்கு முன்னால் வாசித்த குழுக்களில் சின்ன மேடைகளில் தேறிய இன்னர் சாங்டமும் கிலட்டினும் இருந்தன. நூறு பேர் அறையில் வாசித்துப் பழகிய கை, பல்லாயிரம் பேர் முன்னால் வாசித்தது.

2012-இல் ‘பெங்களூர் ஓப்பன் ஏர்’ தொடங்கியது. முதல் ஆண்டின் முதன்மைக் குழு ஜெர்மனியின் கிரியேட்டர். வடக்கு ஜெர்மனியில் சுமார் இரண்டாயிரம் பேர் வாழும் வாக்கன் என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் நடக்கும் ‘வாக்கன் ஓப்பன் ஏர்’ விழாதான் பெயருக்கு முன்மாதிரி. கோடையில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த ஊரின் வயல்வெளியில் கூடாரம் போடுவார்கள். 1998-இல் தொடங்கிய பெங்களூருவின் கிரிப்டோஸ் 2013-இல் அங்கே வாசித்தது. டோலையும் மெட்டலையும் கலக்கும் டெல்லியின் பிளடிவுட் 2019-இல் வாசித்தது.

இதற்கிடையே பெங்களூருவுக்குள் அறைகளே குறைந்துபோன காலமும் உண்டு. பொது கேளிக்கை இடங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் 2005-ஆம் ஆண்டு ஆணையை உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரியில் உறுதி செய்தது. அந்த ஆண்டே காவல்துறை அதைக் கண்டிப்பாக அமல்படுத்த, பல பப்களில் நேரடி இசை நின்றுபோனது. டான்ஸ் பாரைக் குறிவைத்த விதி கிடார்க்காரர்களையும் சேர்த்து அடித்தது என்று இசைக்காரர்கள் குமுறினார்கள். அதில் நியாயம் இருக்கிறது. திறந்த வெளியில் இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதியும் உண்டு. அதனால் இந்திய மெட்டல் கச்சேரி பகல் வெளிச்சத்திலேயே தொடங்கிவிடுகிறது. கடைசிக் குழு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாட்டைக் குறைக்கும்.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. அடையாறு அன்வைண்ட் சென்டரில் நடந்த ‘ஜூன் ராக் அவுட்’ ஒரு தலைமுறைக்கு முதல் பிட்டைக் காட்டியது. இன்றும் பெரிய குழு பெங்களூருக்கு வருகிறதென்றால் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ரயில் டிக்கெட் போடுகிறார்கள். போகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சின்ன அறை ஒன்றையும் எட்டிப் பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் சில நூறு ரூபாய். நான்கு குழுக்கள் அதைப் பங்கு போட்டால் வேன் வாடகைக்கே பற்றாது. வாசலருகே மடக்கு மேசையில் டி-ஷர்ட் விற்பவர் சற்று முன் மேடையில் உறுமிய அதே பாடகராகத்தான் இருப்பார். அளவு கேட்டால் அந்தக் குரலில் பேசமாட்டார்.