கரும்புத் தோகை முதல் கால் தசை வரை: உயிரினங்களில் ஆற்றல் மாற்றத்தைக் கற்பித்தல்

ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது, ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாற்றவே இயலும் என்ற விதியை இயற்பியல் தேர்வில் பிழையின்றி எழுதும் மாணவர்களில் பலர், உயிரியல் பாடத்துக்கு வந்ததும் தாவரம் ஆற்றலை ‘உற்பத்தி செய்கிறது’ என்றும், உடல் அதைச் ‘செலவழித்துத் தீர்க்கிறது’ என்றும் எழுதிவிடுகின்றனர். ஒளிச்சேர்க்கை, செல் சுவாசம், உணவுச் சங்கிலி ஆகியவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத பாடங்களாக நடத்தப்படுவது இதற்கு ஒரு காரணம். மூன்றையும் ஒரே வரவுசெலவுக் கணக்காக நடத்தினால் இந்தக் குழப்பம் பெருமளவு நீங்கும். கரும்பு வயலும் கல்வராயன் மலையும் அருகருகே உள்ள சங்கராபுரம் வட்டாரத்தில் அதற்கான சான்றுகள் பள்ளியைச் சுற்றியே கிடைக்கின்றன.

வரவு: இலையில் நிகழ்வது

கரும்பின் தோகையிலுள்ள பசுங்கணிகங்கள், அதாவது பச்சையத்தைத் தாங்கிய நுண்ணுறுப்புகள், ஒளியை உறிஞ்சி, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடையும் வேர் அனுப்பும் நீரையும் கொண்டு சர்க்கரையை உருவாக்குகின்றன. ஒளியாற்றல் இவ்வாறு வேதியாற்றலாகிறது. இதை ஆற்றல் மாற்றமாக 1845இல் விளக்கியவர் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் மேயர். செடி தன் உணவை மண்ணிலிருந்தே எடுக்கிறது என்ற எண்ணம் மாணவர்களிடம் வேரூன்றியிருப்பதால், 1648இல் வெளியான வான் ஹெல்மான்ட்டின் சோதனையை இங்கே சொல்வது நல்லது: தொட்டியில் ஐந்தாண்டுகள் வளர்ந்த வில்லோ மரக்கன்றின் எடை ஏறத்தாழ 74 கிலோ கூடியபோதும், மண்ணின் எடை 100 கிராம்கூடக் குறையவில்லை.

கரும்பு, மக்காச்சோளம் போன்ற பயிர்கள் கார்பனை முதலில் நான்கு கார்பன் அணுக்கள் கொண்ட சேர்மமாகப் பிடித்துச் செறிவூட்டும் ‘சி4’ வகையைச் சேர்ந்தவை. இவை சூரிய ஆற்றலில் கோட்பாட்டளவில் அதிகபட்சம் 6 விழுக்காட்டையும், நெல் போன்ற ‘சி3’ பயிர்கள் ஏறத்தாழ 4.6 விழுக்காட்டையும் உயிர்ப்பொருளாக மாற்றவல்லவை என்று கணக்கிடப்பட்டுள்ளது. வயலில் கிடைப்பது இதைவிடக் குறைவே.

செலவு: செல்லில் நிகழ்வது

உண்ட சர்க்கரை செல்லுக்குள் படிப்படியாக ஆக்சிஜனேற்றம் அடையும்போது வெளிப்படும் ஆற்றலில் ஒரு பகுதி அடினோசின் ட்ரை பாஸ்பேட், சுருக்கமாக ஏடிபி, என்னும் மூலக்கூற்றுக்கு மாற்றப்படுகிறது. இம்மூலக்கூற்றை 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகடா சுப்பாராவ் தம் பேராசிரியர் சைரஸ் ஃபிஸ்கேயுடன் ஹார்வர்டிலும் தனித்தனியே கண்டறிந்தனர். 180 கிராம் குளுக்கோஸில் பெறத்தக்க ஆற்றல் 686 கிலோ கலோரி. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ஏடிபியைச் சேர்கிறது, மீதி வெப்பமாகிறது.

மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை போன்ற இடங்களில் கரும்புச் சக்கை கொதிகலனில் எரிக்கப்படுகிறது. சக்கை எரியும்போதும் சர்க்கரை செரிமானமாகிச் செல்லில் சிதையும்போதும் ஆக்சிஜன் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடும் நீரும் உண்டாகின்றன; நெருப்பு ஒரே வீச்சில் வெளியிடும் ஆற்றலைச் செல் நொதிகளின் துணையோடு சிறுசிறு படிகளில் வெளியிடுகிறது என்பதே வேறுபாடு. வேதிப்பிணைப்பு உடைவதால் ஆற்றல் பிறக்கிறது என்ற தவறான கருத்தையும் இங்கேயே திருத்தலாம்: பிணைப்பை உடைக்க ஆற்றல் தேவை, அதைவிட வலுவான புதிய பிணைப்புகள் உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிப்படுகிறது.

மலையேற்றக் கணக்கு

50 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவர் கல்வராயன் மலையில் 600 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொண்டால், அவர் பெறும் நிலையாற்றல் 294 கிலோ ஜூல், அதாவது ஏறத்தாழ 70 கிலோ கலோரி. தசைகள் உணவின் ஆற்றலில் கால் பங்கு அளவையே இயக்க வேலையாக மாற்றுவதால், அதற்கு ஏறத்தாழ 280 கிலோ கலோரி, அதாவது 70 கிராம் சர்க்கரைக்கு இணையான உணவு, தேவைப்படும். எஞ்சிய முக்கால் பங்கு வெப்பமாகிறது. ஏறும்போது உடல் சூடேறி வியர்ப்பது அதனால்தான்.

அந்த வெப்பத்தை வகுப்பறையிலும் அளக்க முடியும். முளைவிட்ட பச்சைப்பயறை ஒரு வெப்பக் குடுவையிலும், வேகவைத்து ஆறவிட்ட பயறை மற்றொன்றிலும் இட்டு, நுண்ணுயிர்கள் வளராதிருக்க இரண்டையும் முன்னதாகக் கிருமிநாசினியில் அலசி, பஞ்சால் மூடி வெப்பமானியைச் செருகி வைத்தால், ஓரிரு நாளில் உயிருள்ள பயறின் வெப்பநிலை கூடியிருப்பதைக் காணலாம். விலங்குகளைப் போலவே தாவரங்களும் இரவு பகல் பாராமல் சுவாசிக்கின்றன என்ற விளக்கத்தை இச்சோதனையோடு இணைத்துத் தரலாம்.

பொருள் சுழல்கிறது, ஆற்றல் கடந்துசெல்கிறது

உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆற்றலே அடுத்த படிக்குச் செல்கிறது என்ற விதி, 1942இல் வெளிவந்த ரேமண்ட் லிண்டமேனின் ஆய்விலிருந்து உருவானது. முந்தைய கணக்குகளைப் போட்டுப் பார்த்த மாணவருக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். மாணவர் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை மீண்டும் ஒரு கரும்புத் தோகை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அவர் உடலிலிருந்து வெளியேறிய வெப்பத்தைக் கொண்டு எந்தத் தோகையாலும் சர்க்கரை செய்ய இயலாது. எனவேதான் உயிருலகம் நாள்தோறும் புதிதாகச் சூரியனைச் சார்ந்திருக்கிறது. சமன்பாடுகளை ஒப்பிக்கச் சொல்வதோடு நில்லாமல், ஒவ்வொரு படியிலும் ஆற்றல் எந்த வடிவில் வந்தது, எந்த வடிவில் சென்றது, எவ்வளவு வெப்பமானது என்ற மூன்று கேள்விகளை ஆசிரியர்கள் தவறாது கேட்பார்களானால், இயற்பியலில் படித்த விதி தம் உடலுக்கும் பொருந்துகிறது என்பதை மாணவர்கள் தாமே கணக்கிட்டு அறிவார்கள்.